ஓவன்ஸ் அண்டு மர்ரே லீக்கில் ஒரு பருவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களுக்கு இடையே எல்லையாக ஓடும் மர்ரே ஆற்றங்கரை ஊர்கள், 1893 முதல் ஒரு கால்பந்துப் போட்டியை நடத்தி வருகின்றன. அதன் ஒரு பருவம் எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது, அதற்குள் என்னென்ன கணக்குகள் ஓடுகின்றன என்பதைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

இது எந்தக் கால்பந்து?

தமிழில் கால்பந்து என்றால் நமக்கு நினைவுக்கு வருவது உருண்டைப் பந்தும் வலை கட்டிய கம்பமும்தான். இது அந்த ஆட்டம் அன்று. இது 1859ஆம் ஆண்டு மே மாதம் மெல்பர்ன் கழகத்தார் எழுதி வைத்த விதிகளிலிருந்து வளர்ந்த ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து. உள்ளூரில் எல்லோரும் இதை ‘ஃபுட்டி’ என்றே சொல்கிறார்கள். பந்து நீள்வட்டம், மைதானமும் நீள்வட்டம். கோடைக்காலத்தில் கிரிக்கெட் நடக்கும் அதே புல்தரையில்தான் குளிர்காலத்தில் இது நடக்கிறது. ஓர் அணிக்கு 18 பேர் களத்தில் நிற்கிறார்கள். பந்தைக் காலால் உதைக்கலாம், ஒரு கையில் ஏந்தி மறு கையின் மூடிய முஷ்டியால் தட்டிக் கொடுக்கலாம், எறியக் கூடாது. உதைத்து வரும் பந்தை வானில் எழும்பிப் பிடித்தவருக்குத் தடையின்றி உதைக்கும் உரிமை கிடைக்கும்.

மைதானத்தின் இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரு உயரமான கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் கோல், 6 புள்ளிகள். பக்கத்து இடைவெளியில் போனால் ‘பிஹைண்ட்’, 1 புள்ளி. ஆகவே ஓர் அணி 12.9 எடுத்தது என்று செய்தித்தாளில் அச்சாகியிருந்தால் 12 கோலும் 9 பிஹைண்டும் சேர்ந்து 81 புள்ளிகள் என்று பொருள். அதைத் தசம எண்ணாகப் படித்துவிட்டுக் குழம்பாத புதியவர் குறைவு.

இந்த லீக்கில் விளையாடும் அணிகள் யாவை?

பத்துக் கழகங்கள் உள்ளன. ஆல்பரி, வடக்கு ஆல்பரி, லாவிங்டன் ஆகிய மூன்றும் நியூ சவுத் வேல்ஸ் பக்கத்தில் இருக்கின்றன. ஆற்றுக்குத் தெற்கே, விக்டோரியாவில், வொடாங்கா, வொடாங்கா ரெய்டர்ஸ், வாங்கரட்டா, வாங்கரட்டா ரோவர்ஸ், மர்ட்டில்ஃபோர்டு, யாரவாங்கா ஆகிய ஆறும் இருக்கின்றன. பத்தாவதான கொரோவா-ரதர்க்ளென் ஒரு காலை இக்கரையிலும் மறு காலை அக்கரையிலும் ஊன்றி நிற்பது: கொரோவா நியூ சவுத் வேல்ஸில் உள்ள ஊர், ஒயினுக்குப் பெயர்பெற்ற ரதர்க்ளென் விக்டோரியாவில் உள்ள ஊர். இரண்டும் தனித்தனிக் கழகங்களாக இருந்து பின்னர் ஒன்றாயின.

ஆல்பரியும் வொடாங்காவும் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த இரட்டை நகரங்கள். பத்தில் ஐந்து கழகங்கள் இந்த ஒரே நகரத் தொகுதியைச் சேர்ந்தவை. லீக்கின் பெயரில் முதலில் வரும் ஓவன்ஸ் என்பது, 1850களில் தங்கம் தேடி வந்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறிய பள்ளத்தாக்கின் வழியே ஓடிவந்து மர்ரேயில் கலக்கும் ஆறு. தங்கம் தீர்ந்த பிறகு ஒவ்வோர் ஊரும் வேறொரு தொழிலைப் பிடித்துக்கொண்டது. மர்ட்டில்ஃபோர்டு இத்தாலியக் குடும்பங்கள் வந்து குடியேறிப் புகையிலை பயிரிட்ட ஊர். அதன் கழகத்தின் பழைய அணிப் பட்டியல்களைப் புரட்டினால், அந்தக் குடியேற்றத்தின் வரலாற்றைப் பெயர்களிலேயே படித்துவிடலாம்.

இரண்டு மாநிலங்களில் பரவிய ஊர்கள் எப்படி ஒரே லீக்கில் இருக்கின்றன?

வரைபடத்தில் எல்லைக்கோடாகத் தெரியும் மர்ரே, அங்கே வாழ்கிறவர்களுக்குப் பாலம் போட்ட ஓர் ஆறு மட்டுமே. இந்த லீக்கைப் புரிந்துகொள்ள இதைத்தான் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

லீக் தோன்றிய 1893ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா என்ற ஒரு நாடே இல்லை. விக்டோரியாவும் நியூ சவுத் வேல்ஸும் தனித்தனிக் குடியேற்றங்களாக இருந்தன. ஆற்றைக் கடக்கும் சரக்குக்குச் சுங்க வரி கட்ட வேண்டியிருந்தது. அந்த வரியால் நொந்துபோன எல்லை ஊர்க்காரர்கள், அதே 1893இன் நடுவில், கொரோவாவில் கூடி, குடியேற்றங்கள் ஒன்றிணைய வேண்டும் என்று மாநாடு நடத்தினார்கள். 1901இல் பிறந்த கூட்டாட்சிக்கு வழிவகுத்த கூட்டங்களில் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது. அரசியல்வாதிகளுக்கு எட்டு ஆண்டுகள் பிடித்த இணைப்பைக் கால்பந்துக்காரர்கள் ஒரே பருவத்தில் முடித்துவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப் பொய்யில்லை.

இன்னொரு கோட்டையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஃபுட்டி ஆடும் பகுதியையும் ரக்பி ஆடும் பகுதியையும் பிரிக்கும் ஒரு கற்பனைக் கோட்டுக்கு, வரலாற்றாசிரியர் இயன் டர்னர் 1978இல் ‘பராசிக் கோடு’ என்று பெயர் வைத்தார். புகழ்பெற்ற ஆட்டக்காரர் ரான் பராசியின் பெயர் அது. (பராசி ‘நினைவுச் சொற்பொழிவு’ என்ற தலைப்பில் டர்னர் அதை அறிவித்தபோது பராசி உயிரோடு நன்றாகவே இருந்தார், அவர் மறைந்தது 2023இல்தான்.) அந்தக் கோட்டின்படி, ஆல்பரியும் கொரோவாவும் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும், விளையாட்டைப் பொறுத்தவரை தெற்கைச் சேர்ந்தவை. சிட்னி மாநிலத் தலைநகராக இருக்கலாம். சனிக்கிழமைகளில் அவற்றின் கண் மெல்பர்னை நோக்கியே இருக்கிறது.

எல்லை என்பது உண்மையிலேயே ஒரு சுவர் என்று இந்த ஊர்கள் உணர்ந்தது 2020இல். பெருந்தொற்றின்போது, அந்த ஆண்டு ஜூலையில் இரு மாநிலங்களுக்கிடையிலான எல்லை மூடப்பட்டது. 1919இன் இன்ஃபுளுவென்சா காய்ச்சலுக்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. பாலங்களில் காவலர்கள் நின்றார்கள். 2020 பருவம் நடைபெறவே இல்லை. 2021 பருவம் தொடங்கியது, ஆனால் இறுதிச் சுற்றுகளை எட்டாமலே நின்றது.

பருவம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது?

அட்டவணைப்படி ஏப்ரலில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகிறது. பத்து அணிகளும் ஒவ்வொன்றையும் தன் மைதானத்தில் ஒரு முறை, எதிராளி மைதானத்தில் ஒரு முறை சந்திப்பதால் 18 சுற்றுகள் வரும். உள்ளபடி சொன்னால், பயிற்சி முந்தைய நவம்பரிலேயே தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ் இடைவேளைக்குப் பிறகு, 40 டிகிரி வெயிலடிக்கக் கூடிய ஜனவரி மாலைகளில் ஓட்டப் பயிற்சி நடக்கும். அந்த வெயிலில் ஓடியவர்களே ஜூலையில் சேற்றில் புரளுகிறார்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் தரை காய்ந்திருக்கும், பந்து துள்ளும், புள்ளிகள் குவியும். ஜூன் பிற்பகுதியிலிருந்து காலை உறைபனி, பகல் தூறல், கனத்த தரை. அப்போது பந்தை அழகாகக் கையாளுபவரைவிட, எதிரே யார் கால் வந்தாலும் வரட்டும் என்று தலையைக் குனிந்து பந்தை எடுக்கிறவருக்கே மதிப்பு. ஆகஸ்ட் கடைசியில் வெயில் திரும்பும்போது யார் இறுதிச் சுற்றில் இருக்கிறார்கள் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஏப்ரல் வெற்றிகளை வைத்து ஓர் அணியை எடைபோடுவது அவசரம் என்பது என் கருத்து. ஜூலையில் வெளியூர் போய் வென்ற அணியையே நம்பலாம்.

ஓர் ஆட்ட நாள் எப்படி இருக்கும்?

பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் ஆட்டம் காலையில் தொடங்கும். அதை ‘தேர்ட்ஸ்’ என்பார்கள். அதன் பிறகு ‘ரிசர்வ்ஸ்’ எனப்படும் இரண்டாம் அணி. பிற்பகல் இரண்டு மணியளவில் முதல் அணி. பக்கத்திலுள்ள தளங்களில் நெட்பால் (வலைப்பந்து) ஆட்டங்கள் காலை முதலே நடந்துகொண்டிருக்கும். லீக்கின் இன்றைய முழுப் பெயரில் நெட்பாலும் உண்டு. அந்த அணிகளுக்கும் தனிப் புள்ளிப் பட்டியல், தனி இறுதிப் போட்டி, தனிக் கோப்பை. ஒரு குடும்பத்தில் மகள் நெட்பாலிலும் மகன் தேர்ட்ஸிலும் தந்தை நுழைவாயில் டிக்கெட் மேசையிலும் இருப்பது சர்வசாதாரணம்.

பார்வையாளர்கள் எல்லைக் கோட்டைச் சுற்றிலும் கார்களை மைதானத்தை நோக்கி நிறுத்தி, மழை பெய்தால் உள்ளே உட்கார்ந்தே பார்ப்பார்கள். தங்கள் அணி கோல் போட்டால் ஹாரன் அடிப்பார்கள். கைதட்டலைவிட அதுதான் அங்கே தொன்மையான பாராட்டு. கேன்டீனில் இறைச்சிப் பை, சூடான சிப்ஸ், தேநீர், பாரில் பீர், மாலையில் கழக அறையில் இறைச்சித் தட்டுக்குக் குலுக்கல். நேரக் கணக்கு பார்ப்பவர், கட்டுப் போடுபவர், தண்ணீர் கொண்டு ஓடுபவர், பயிற்சியாளரின் செய்தியைக் களத்துக்குள் எடுத்துச் செல்லும் ‘ரன்னர்’ எனப் பலரும் வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத் தொண்டர்கள். இந்த ஆட்கள் கிடைக்காவிட்டால் களத்தில் நட்சத்திரம் இருந்தும் பயனில்லை.

புள்ளிப் பட்டியலில் ‘விழுக்காடு’ என்ற எண் எதற்கு?

வெற்றிக்கு 4 புள்ளி, சமநிலைக்கு 2 புள்ளி. இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் இருந்தால் விழுக்காடு முடிவு செய்யும். தான் எடுத்த மொத்தப் புள்ளியை எதிரணிகளுக்குக் கொடுத்த மொத்தப் புள்ளியால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். 1,800 எடுத்து 1,500 கொடுத்த அணியின் விழுக்காடு 120. முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களிலும் அணிகள் மூச்சுவாங்க ஓடுவதற்குக் காரணம் இந்த எண்தான். ஐந்தாம் இடமும் ஆறாம் இடமும் பிரிவது பல முறை இதனால்தான்.

ஐந்தாம் இடத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

முதல் ஐந்து அணிகளே இறுதிச் சுற்றுக்குப் போகின்றன. அது நான்கு வாரம் நடக்கும். முதல் வாரத்தில் முதலிடத்து அணிக்கு ஓய்வு. இரண்டாம் மூன்றாம் அணிகள் தங்களுக்குள் மோதும். தோற்றாலும் வெளியேற வேண்டியதில்லை. நான்காம் ஐந்தாம் அணிகள் மோதும். தோற்றவரின் பருவம் அன்றே முடிந்தது. இரண்டாம் வாரத்தில் முதலிடத்து அணி, 2-3 ஆட்டத்தில் வென்றவரைச் சந்திக்கும். அதில் வெல்பவர், பட்டத்தை முடிவு செய்யும் கடைசி ஆட்டமான கிராண்ட் ஃபைனலுக்கு நேராகப் போகிறார். 2-3 ஆட்டத்தில் தோற்றவர் 4-5 ஆட்டத்தில் வென்றவரோடு மோதுவார்; அங்கே தோற்றால் வீடு. மூன்றாம் வாரத்தில், இரண்டாம் வாரத்தின் முதல் ஆட்டத்தில் தோற்றவரும் இரண்டாம் ஆட்டத்தில் வென்றவரும் மோதி, கிராண்ட் ஃபைனலின் மற்ற இடத்தை முடிவு செய்வார்கள்.

எண்ணிப் பார்த்தால் முதலிடத்து அணி இரண்டே வெற்றிகளில் கோப்பையை எடுத்துவிடலாம். ஐந்தாம் அணி நான்கு வாரமும் தொடர்ந்து வெல்ல வேண்டும். இது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்து மாத உழைப்புக்கு ஏதாவது வெகுமதி இருக்கத்தானே வேண்டும்? எனக்கு இந்த முறை எட்டு அணிகளை உள்ளே விடும் முறைகளைவிட நேர்மையாகவே படுகிறது.

ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டா?

உண்டு. இந்த லீக்கின் வரலாற்றில் சுவையான பகுதியும் கசப்பான பகுதியும் இதுதான்.

மெல்பர்னின் பெரிய போட்டியான விக்டோரியக் கால்பந்து லீக், 1930இல் ‘கூல்ட்டர் சட்டம்’ என்ற விதியைக் கொண்டுவந்து, ஆட்டம் ஒன்றுக்கு 3 பவுண்டுக்கு மேல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. கிராமப்புற லீக்குகளை அது கட்டுப்படுத்தவில்லை. விளைவு தலைகீழானது: நகரத்தில் புகழின் உச்சியில் இருந்தவர்கள், மனைவி மக்களை யோசித்து, பயிற்சியாளர் பதவியும் வேலையோ கடையோ தருவதாகச் சொன்ன ஆற்றங்கரை ஊர்களுக்குப் புறப்பட்டார்கள். மெல்பர்ன் கழகமான காலிங்வுட்டின் ஆட்டக்காரர் மேக் ஹோல்ட்டன் வாங்கரட்டாவுக்கு வந்து 1949 முதல் 1952 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வாங்கிக் கொடுத்தார். பிறகு அதே வட்டாரத்தின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். அதே காலிங்வுட்டின் பாப் ரோஸ், 1956இல் அதே ஊரின் மற்றோர் அணியான ரோவர்ஸுக்குப் பயிற்சியாளரும் ஆட்டக்காரருமாக வந்தார். 1958, 1960 இரண்டு ஆண்டுகளிலும் கோப்பை வென்றார், லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் பதக்கத்தையும் அதே இரண்டு ஆண்டுகளில் பெற்றார். 1964இல் காலிங்வுட்டின் பயிற்சியாளராகத் திரும்பிப் போனார். ஒரு சிற்றூரின் இரு கழகங்களுக்குள் இன்றுவரை புகையும் போட்டிக்கு இந்த இரு காலிங்வுட்காரர்களே நெய் வார்த்தார்கள்.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு பிரெண்டன் ஃபெவோலா. தேசியப் போட்டியில் 2006, 2009 ஆண்டுகளில் அதிகக் கோல் போட்டவருக்கான கோல்மன் பதக்கம் வென்றவர். அவர் யாரவாங்காவுக்காக ஆடிய 2012, 2013 பருவங்களில் அந்த அணியே பட்டம் வென்றது. அவரைப் பார்க்கவே கூட்டம் திரண்டது. அவர் போன ஒவ்வொரு மைதானத்தின் கேன்டீனும் செழித்தது.

இப்போது நிலைமை மாறிவிட்டது. ஒரு காலத்தில் நகரத்தின் சம்பள வரம்பால் பயனடைந்த இந்தக் கழகங்களுக்கே இன்று சம்பள வரம்பு இருக்கிறது. விக்டோரியா முழுவதும் 2016 முதல் ஆட்டக்காரர் புள்ளி முறையும் நடைமுறையில் உள்ளது: சொந்தக் கழகத்தில் வளர்ந்தவருக்கு 1 புள்ளி, மேல்மட்டத்தில் ஆடி வந்தவருக்கு 6 புள்ளி வரை. ஒரு நாள் களமிறக்கும் அணியின் கூட்டுத்தொகை, அந்தக் கழகத்துக்கு விதிக்கப்பட்ட அளவைத் தாண்டக் கூடாது. நலிந்த கழகத்துக்குக் கூடுதல் புள்ளி தரப்படும். வெளியாரை விலைக்கு வாங்குவதைவிடத் தன் தேர்ட்ஸ் அணியைப் பேணுவது மலிவு என்ற நிலையை உருவாக்குவதே நோக்கம். விதி காகிதத்தோடு நிற்கவில்லை என்பதற்குச் சான்றும் உண்டு: 2022 கிராண்ட் ஃபைனலில் வென்ற வாங்கரட்டாவிடமிருந்து, சம்பள வரம்பை மீறியதற்காக அந்தப் பட்டம் பின்னர் பறிக்கப்பட்டது.

மாரிஸ் பதக்கம் என்பது என்ன?

பருவத்தின் சிறந்த, நேர்மையான ஆட்டக்காரருக்கான விருது. ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் நடுவர்களே 3, 2, 1 என்று மூவருக்கு வாக்களித்து உறையில் இட்டு ஒட்டிவிடுகிறார்கள். செப்டம்பரில் நடக்கும் விருந்து ஒன்றில் சுற்றுச் சுற்றாக அவை வாசிக்கப்படும். ‘நேர்மையான’ என்ற சொல் அலங்காரத்துக்கு வைத்ததன்று: முரட்டு ஆட்டத்துக்காகத் தடை வாங்கியவர் எத்தனை வாக்கு பெற்றாலும் பதக்கம் கிடையாது. அதிகக் கோல் போட்டவருக்கு டக் ஸ்ட்ராங் பதக்கம். ஸ்ட்ராங் இந்த வட்டாரத்திலிருந்து மெல்பர்னின் ரிச்மண்ட் கழகத்துக்குப் போய் 1931இல் ஒரே ஆட்டத்தில் 14 கோல் போட்டவர். கிராண்ட் ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரருக்கு டிட் சிம்ப்சன் பதக்கம்.

நன்றாக ஆடும் இளைஞர்கள் இங்கேயே தங்குவார்களா?

பெரும்பாலும் இல்லை. வாங்கரட்டாவைத் தளமாகக் கொண்ட மர்ரே புஷ்ரேஞ்சர்ஸ் என்ற இளையோர் அணி, இந்தச் சுற்றுவட்டாரத்தின் சிறந்த பதின்ம வயதினரைத் திரட்டி மாநில அளவிலான போட்டியில் ஆடுகிறது. தேசியப் போட்டிக்கான தேர்வாளர்களின் கண் அங்கேதான். அதனால் கழகப் பயிற்சியாளர்கள், பருவத்தின் நடுவில் தங்கள் சிறந்த பதினேழு வயதுப் பையன் எந்த வாரம் கிடைப்பான், எந்த வாரம் கிடைக்கமாட்டான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆல்பரியில் பிறந்து மெல்பர்னின் ஃபிட்ஸ்ராய் கழகத்துக்காக, விக்டோரிய லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை மூன்று முறை (1931, 1932, 1935) வென்ற ஹேடன் பன்ட்டன் காலத்திலிருந்தே இந்தப் பயணம் நடக்கிறது. கொரோவா-ரதர்க்ளெனில் பதின்ம வயதிலேயே முதல் அணிக்கு ஆடிய ஜான் லாங்மயர், 2012இல் சிட்னி ஸ்வான்ஸுக்குப் பயிற்சியாளராகத் தேசியக் கோப்பையை வென்றார்.

ஹேடன் போனார், அவருடைய சகோதரர் கிளீவர் பன்ட்டன் ஊரிலேயே இருந்தார். ஆல்பரியின் மேயராகவும் இந்த லீக்கின் தலைவராகவும் நெடுங்காலம் விளங்கிய அவரை, எந்தக் கட்சியையும் சேராதவர் என்பதற்காகவே 1975இல் செனட் சபைக்கு நியமித்தார்கள். அந்த நியமனம் நாட்டையே உலுக்கிய அரசியல் நெருக்கடியின் ஒரு கண்ணியாயிற்று. பத்துக் கழகங்களின் பிரதிநிதிகளைச் சமாளித்தவருக்கு நாட்டின் தலைநகரான கான்பெரா அவ்வளவு புதிதாக இருந்திருக்காது.

ஒரு கழகத்தால் அணியைத் திரட்ட முடியாவிட்டால்?

அப்படி நடந்திருக்கிறது. 2023 பருவத்தில் கொரோவா-ரதர்க்ளெனால் முதல் அணியைக் களமிறக்க முடியவில்லை. மீதி ஒன்பது அணிகளில் வாரம் ஒன்றுக்கு ஓர் அணி சும்மா இருக்க வேண்டியதாயிற்று. 2024இல் அந்தக் கழகம் மீண்டு வந்தது. சுற்றியுள்ள தாலங்காட்டா, ஹியூம், ஓவன்ஸ் அண்டு கிங் ஆகிய சிறிய லீக்குகளும் அதே ஆட்களைத்தான் தேடுகின்றன. பயணம் குறைவு, பயிற்சி குறைவு, நெருக்கடி குறைவு என்று முப்பதைத் தொட்டவர்கள் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். சிறிய ஊர்க் கழகம் ஒன்றில் ஒரே குளிர்காலத்தில் பத்துப் பேர் போய்விட்டால் அந்தப் பள்ளத்தை நிரப்ப ஆண்டுகள் ஆகும்.

முதல் முறை பார்க்கப் போகிறவர் எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

வாங்கரட்டாவின் இரு அணிகளும் மோதும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றின் இருப்பிடம் நார்ம் மின்ஸ் மைதானம், மற்றதன் இருப்பிடம் டபிள்யூ. ஜே. ஃபின்ட்லே மைதானம், ஊர் ஒன்று, அலுவலகங்களிலும் கடைகளிலும் இரண்டு அணிகளின் ஆதரவாளர்களும் ஒன்றாக வேலை பார்ப்பவர்கள். அந்த வாரத்தின் பேச்சே வேறு. கனமான உடை எடுத்துக்கொள்ளுங்கள், கார் நிறுத்த நல்ல இடம் வேண்டுமென்றால் ரிசர்வ்ஸ் ஆட்டம் தொடங்கும் முன் போய்விடுங்கள்.

ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது முடிந்ததும், வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் நடந்து போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். சிறுவர்கள் பந்தை உதைத்துக்கொண்டிருக்க, ஆட்டக்காரர்கள் வட்டமாக நிற்பார்கள், அவர்களைச் சூழ்ந்து முதியவர்களும் பெண்களும் நின்று பயிற்சியாளர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பார்கள். சேறும் வியர்வையும் தேய்த்த எண்ணெயுமாக வாசனை வரும். சைரன் ஒலித்தவுடன் விரைந்து வெளியேறிவிடுங்கள். ஆட்டம் உங்களுக்காகக் காத்திருக்காது.